எலும்புச் சீழுக்கு ஆறு வாரம் நரம்பு ஊசி: வீட்டிலேயே போடலாமா?

உங்கள் தந்தைக்கு எலும்பில் சீழ், ஆறு வாரம் நரம்பு வழி ஆன்டிபயாட்டிக், அதை வீட்டில் வைத்துப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் போட்டோம். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில், என் அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு.

சர்க்கரை நோயால் மரத்துப்போன கால் என்பதால் வேலாமுள் குத்தியதே அவருக்குத் தெரியவில்லை, சீழ் எலும்புவரை போய்விட்டது. கோவை மருத்துவமனையில் கால்விரலைச் சுத்தம் செய்து, ஊசி போட்டு 10 நாள் வைத்திருந்தார்கள். மிச்சம் 32 நாள். "கண்ணு, என்னையத் தோட்டத்துக்குக் கூட்டீட்டுப் போயிரு சாமி" என்று அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் கெஞ்ச ஆரம்பித்துவிட்டார்.

டாக்டர் உடனே சரி சொல்லவில்லை. காய்ச்சல் விட்டிருந்தது, சர்க்கரை அடங்கியிருந்தது, மருந்து ஒத்துக்கொண்டதும் அங்கேயே தெரிந்துவிட்டது, அதற்குப் பிறகுதான் சொன்னார். முதல் டோஸை வீட்டில் போடவே கூடாது. அலர்ஜி வந்தால் தோட்டத்தில் என்ன செய்வது? எங்கள் அதிர்ஷ்டம், அவருக்கு எழுதியது செஃப்ட்ரியாக்சோன். ஒரு நாளைக்கு ஒரு தடவை போட்டால் போதும். எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போடும் மருந்தாக இருந்தால் நான் துணிந்திருக்க மாட்டேன்.

புறங்கையில் வென்ஃபிளான் என்ற சின்ன ஊசிக்குழாய் குத்தினால் அந்த இடம் சில நாளிலேயே வீங்கிவிடும். அதனால் மேற்கையில் பிக் லைன் வைத்தார்கள். இதயத்துக்குப் பக்கம்வரை போகும் மெல்லிய குழாய் அது, வாரக்கணக்கில் இருக்கும். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, நனையக் கூடாது, மண்வெட்டி பிடிக்கக் கூடாது. கடைசியானதை அப்புச்சியிடம் தினமும் சொல்ல வேண்டியிருந்தது.

நர்ஸ் ஸ்கூட்டரில் வந்து போவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அத்தை. டிஸ்சார்ஜுக்கு முன் மூன்று நாள் வார்டிலேயே அத்தையைச் செய்யவைத்துப் பார்த்தார்கள். கை கழுவி, குழாயின் வாயை ஸ்பிரிட் பஞ்சால் நன்றாகத் தேய்த்து, 10 மில்லி சிரிஞ்சில் சலைன் விட்டு, மருந்தை அரை மணி நேரம் ஏற்றி, மறுபடி சலைன். சின்ன சிரிஞ்ச் வேண்டாம், அழுத்தம் கூடிக் குழாய் வெடிக்கலாம் என்றார்கள். கட்டுத்தறியில் சாணி அள்ளிய கையோடு அத்தை இதற்கு வருவார் என்பதுதான் என் பயம். அவரோ நகத்தை ஒட்ட வெட்டி, வளையலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தொட்டார்.

ஒரு நாள் மழையில் தோட்டத்துக்கு வரும் இட்டேரிப் பாதை முழுக்கச் சேறு, நர்ஸால் வர முடியவில்லை. அத்தையும் கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஊரில் ஊசி போடுகிறவரைக் கூப்பிட்டோம். "தெம்பா இருக்குமுங்க" என்று ரிங்கர் லாக்டேட் என்ற குளுக்கோஸ் மாதிரி ஏற்றும் திரவ பாட்டிலில் மருந்தைக் கலக்கப் பார்த்தார். அதில் கால்சியம் இருக்கிறது. செஃப்ட்ரியாக்சோனோடு சேர்ந்தால் படிகமாகத் திரிந்துவிடும். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருந்ததால் தப்பித்தோம். அந்தச் சீட்டைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

வாரம் ஒரு தடவை ரத்தப் பரிசோதனையும் டிரெஸ்ஸிங் மாற்றுவதும் உண்டு. சலைன் விட்டதும் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, கை வீங்கினாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். ஊசிகளைக் குப்பைக்குழியில் போட்டால் எருவோடு வயலுக்குப் போய்விடும், கெட்டியான கேனில் போட்டு மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுங்கள். காப்பீடு வைத்திருந்தால் வீட்டு சிகிச்சைக்குப் பணம் வருமா என்று முன்னாலேயே எழுத்தில் கேளுங்கள். எங்களுக்கு வரவில்லை. அப்படியும் அறை வாடகையைவிடச் செலவு குறைவுதான்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் டாக்டரிடம் கேட்க வேண்டியது, மாத்திரை போதுமா என்பது. பிரிட்டனில் 1,054 பேரை வைத்து நடந்த ஓவிவா ஆய்வு 2019இல் வெளியானது. எலும்பு, மூட்டுத் தொற்றுக்கு முதல் ஆறு வாரத்தில் தகுந்த மாத்திரை கொடுத்தாலும் நரம்பு ஊசிக்குக் குறைந்ததில்லை என்று அதில் தெரிந்தது. எல்லாக் கிருமிக்கும் அப்படி மாத்திரை அமையாது. நாங்கள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அத்தை நாலு ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகத் தூங்கியிருப்பாரோ என்னவோ.