லண்டன் களிமண்ணில் ஓக் மரத்துக்குப் பக்கத்தில் வீடு: மரச் சேர்வே கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டது இப்படி. லண்டன் ஹரோ பக்கம் 1930களில் கட்டிய செமி (ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டிய வீடு) ஒன்றுக்கு விலை பேசி முடித்துவிட்டீர்கள். பாங்க் அனுப்பிய சேர்வேயர், பக்கத்து வீட்டுப் பின்வளவில் நிற்கிற ஓக் மரத்தைக் கண்டுவிட்டு, மர நிபுணரின் அறிக்கை வேண்டும் என்று எழுதிவிட்டார். அது வரும்வரை மோட்கேஜ், அதாவது வீட்டுக்கடன், நகராது. கூட்டாளி ஒருவர் வீட்டை விட்டுவிடச் சொல்கிறார், இன்னொருவர் மரத்தை வெட்டுவித்தால் சரி என்கிறார். எதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டையும் கேட்க வேண்டாம். பாங்க் உங்களுக்கு மாட்டேன் என்று சொல்லவில்லை. சேர்வேயருக்கு மரத்தைப் பற்றிச் சொல்லும் தகுதி இல்லை. பின்னுக்கு ஏதும் நடந்தால் தன் தலையில் விழும் என்று பொறுப்பை அடுத்தவரிடம் தள்ளிவிடுகிறார். வட லண்டனில் பெரிய மரம் பக்கத்தில் நிற்கிற வீடு என்றால் இந்த வரியை எழுதாத சேர்வேயரைக் காண்பதுதான் அரிது.

காரணம் மண். மன்னார்ப் பக்கம் முருங்கன் களிமண்ணைப் பார்த்திருப்பீர்கள்: கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும், மாரி வந்தால் ஊதி மூடிவிடும். லண்டன் களியும் அதே குணம்தான். மேலே புல்லும் சிமெந்துக் கல்லும் மூடிக் கிடப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. பெரிய மரம் கோடை முழுக்க நீரை உறிஞ்ச, களி சுருங்கும். அந்தப் பக்கத்து அத்திவாரம் மெல்ல இறங்கும். இதைத்தான் சப்சிடென்ஸ் என்கிறார்கள். 1930களின் வீடுகளுக்கு இன்றைய கட்டடங்களைப் போல ஆழமான அத்திவாரம் கிடையாது. முன்பக்கச் சுவரில் வெளியே துருத்தி நிற்கிற பே விண்டோவுக்கு அதிலும் ஆழம் குறைவாக இருக்கும், முதலில் வெடிப்பதும் பலவேளை அதுதான்.

இங்கே வீட்டு இன்சூரன்ஸில் சப்சிடென்ஸைச் சேர்த்தது 1971 அளவில். ஐந்து வருசத்தில் 1976 வறட்சி வந்து கம்பனிகளுக்குப் பாடம் படிப்பித்தது. பிறகு 2003, 2018, 2022 என்று காய்ந்த கோடை வந்தபோதெல்லாம் கோரிக்கைகள் குவிந்தன. அந்தப் பயம்தான் உங்கள் பக்கத்து வீட்டு ஓக்கில் வந்து நிற்கிறது.

தூரத்தைப் பற்றி ஏஜென்ட் ஒன்றும், இணையம் ஒன்றும் சொல்லும். ஓக்குக்கு 30 மீற்றர், வில்லோவுக்கு 40 மீற்றர் என்று பட்டியல்கள் உண்டு. கியூ தாவரவியல் தோட்டம் செய்த வேர் ஆய்வில், கட்டடம் சேதமான இடங்களில் மரம் அதிகபட்சம் எவ்வளவு தூரத்தில் நின்றது என்று எடுத்த கணக்குகளில் இருந்து வந்தவை அவை. ஓக்கால் வந்த சேதங்களில் பெரும்பாலானவை அதில் பாதித் தூரத்துக்குள் நின்ற மரங்களால் வந்தவை. ஆகவே 22 மீற்றரில் ஓக் நிற்கிறது என்றால் வீடு விழப்போகிறது என்று அர்த்தமில்லை. கேள்வி கேட்பார்கள் என்றுதான் அர்த்தம்.

இனி அறிக்கைக்கு யாரைப் பிடிப்பது? மரம் வெட்டும் கம்பனியை வேண்டாம். அவர்களுடைய சம்பாத்தியம் மரம் அறுக்கிற வாளில் இருக்கிறது, எந்த மரத்தைக் காட்டினாலும் குறைக்கத்தான் சொல்வார்கள். மர நிபுணர்களின் சங்கமான ஆர்போரிகல்சரல் அசோசியேஷனின் பதிவு பெற்ற ஆலோசகர் பட்டியல் இருக்கிறது, இன்ஸ்டிடியூட் ஒஃப் சார்ட்டர்ட் ஃபொரஸ்டர்ஸின் பட்டியலும் இருக்கிறது, அவற்றில் தேடுங்கள். தொலைபேசியில் மூன்று விசயம் கேளுங்கள்: மோட்கேஜுக்கான மர அறிக்கை எழுதுவாரா, தொழில்முறைப் பொறுப்பு இன்சூரன்ஸ் வைத்திருக்கிறாரா, அறிக்கையை உங்கள் பெயருக்கும் பாங்கின் பெயருக்கும் எழுதித் தருவாரா. கடைசியில் சொன்னது சிறு விசயம் போலத் தெரியும், ஆனால் வீடு விற்பவர் வைத்திருந்த பழைய அறிக்கையைப் பாங்க் ஏற்க மறுப்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். பிஎஸ் 5837 சேர்வே என்று ஒன்றைத் தலையில் கட்டப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது கட்டட அனுமதி கேட்பவர்களுக்கானது, எக்ஸ்டென்ஷன் போடும் காலத்தில் தேவைப்படலாம். மோட்கேஜ் அறிக்கைக்குச் சில நூறு பவுண் போகும்.

எங்கள் வீட்டுக்கு வந்த மர ஆலோசகர் முதலில் மரத்தடிக்குப் போகவில்லை. வீட்டைச் சுற்றி நடந்து சுவரைத்தான் பார்த்தார். ஜன்னல் மூலையில் இருந்து படிக்கட்டுப் போலச் சரிந்து ஏறுகிற வெடிப்பு, அதுவும் மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருந்தால் அவருக்கு அக்கறை. சுவர்ப் பூச்சில் விழுந்த மயிரிழைக் கீறல்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கதவுகளைத் திறந்து மூடிப் பார்த்தார், கான் மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். உடைந்த குழாயால் தண்ணீர் கசிந்தால் வேர் அங்கே போய்விடும். ஐமிச்சம் என்றால் கானுக்குள் கமரா விடச் சொல்வார்கள், அதற்குத் தனிக் காசு. அதன் பிறகுதான் மரம்: நிலத்தில் இருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில் நாடாவைச் சுற்றி அடிமர அளவை எடுத்தார், கையடக்கக் கருவியால் உயரம் பார்த்தார், வீட்டுச் சுவருக்கு எவ்வளவு தூரம், இன்னும் எவ்வளவு வளரும், நோய் ஏதும் உண்டா என்று குறித்துக்கொண்டார். அறிக்கை சில பக்கம்தான். உங்களுடையதிலும் பெரும்பாலும் "இப்போதைக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை, இடைக்கிடை பார்த்து வாருங்கள்" என்றோ, "இத்தனை வருசத்துக்கு ஒருக்கால் கிளை குறைக்கவும்" என்றோ இருக்கும். பாங்குக்குத் தேவை அந்த வசனம்தான்.

வெட்டுகிற கதைக்கு வருவோம். மரம் பக்கத்து வீட்டாரது. உங்கள் வளவுக்குள் நீட்டும் கிளையையோ வேரையோ எல்லைவரை வெட்டச் சட்டம் இடம் கொடுக்கும், ஆனால் மரத்துக்குப் பாதுகாப்பு ஆணை இல்லாவிட்டால் மட்டும். ட்ரீ ப்ரிசர்வேஷன் ஓர்டர், சுருக்கமாக டிபிஓ, உண்டா என்று முதலில் கவுன்சிலிடம் கேளுங்கள். உண்டென்றால் அனுமதி இல்லாமல் ஒரு கொப்பைத் தொட்டாலும் குற்றம். மரத்தை அழித்தால் விதிக்கும் அபராதத்துக்கு மேல்வரம்பே இல்லை. டிபிஓ இல்லாவிட்டாலும் கொன்சவேஷன் ஏரியா (கவுன்சில் பாதுகாக்கிற பழைய பகுதி) என்றால் ஆறு கிழமைக்கு முன் கவுன்சிலுக்கு எழுதி அறிவிக்க வேண்டும்.

சட்டம் விட்டாலும் மண் விடாது. ஓக் அந்த வீட்டைவிட வயது கூடியது என்றால், வீடு கட்டும்போதே களி காய்ந்திருந்த நிலை. மரத்தை அடியோடு வெட்டினால் களி பல வருசமாக நீர் குடித்து ஊதி, அத்திவாரத்தை மேலே தள்ளும். ஹீவ் என்பது அது. சப்சிடென்ஸைவிடத் திருத்துவது கரைச்சல். விற்பவரைக்கொண்டு வெட்டுவிக்கிற யோசனை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது அதனால்தான்.

நாளைக்கு உண்மையிலேயே சேதம் வந்தால் பக்கத்து வீட்டாரிடம் கேட்க வழி உண்டு. மெய்டா வேலில் தெருவோர பிளேன் மரத்தின் வேர் டெலவேர் மான்ஷன்ஸ் கட்டடத்தைப் பழுதாக்கிய வழக்கில், 2001இல் அன்றைய மிக உயர்ந்த நீதிமன்றமான பிரபுக்கள் சபை வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சிலுக்கு எதிராகத் தீர்த்தது. திருத்தச் செலவு 5 லட்சத்து 70 ஆயிரம் பவுணுக்கு மேல். ஆனால் மரத்துக்காரருக்கு முதலில் அறிவித்து, சரிசெய்ய நியாயமான வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. அறிக்கையின் ஒரு பிரதியை இதற்காகவும் பத்திரமாக வையுங்கள்.

மோட்கேஜைவிட இன்சூரன்ஸில்தான் நம் ஆட்கள் கூடுதலாக மாட்டுப்படுகிறார்கள். விலை ஒப்பிடும் தளங்களில், வீட்டுக்கு இத்தனை மீற்றருக்குள் பெரிய மரம் உண்டா என்று கேட்டால், மாதக் காசு ஏறும் என்று "இல்லை" என்பதை அழுத்திவிட்டுப் போவார்கள். 2012ஆம் ஆண்டு நுகர்வோர் இன்சூரன்ஸ் சட்டப்படி கேட்ட கேள்விக்குக் கவனமாகப் பதில் சொல்வது உங்கள் பொறுப்பு. கவனக்குறைவால் பிழையாகச் சொன்னால் இழப்பீட்டை விகிதப்படி குறைக்கலாம். தெரிந்தே பொய் சொன்னால் ஒப்பந்தமே இல்லாமல் போகலாம். கம்பனிகள் மறுத்தால் தளங்களை விட்டுவிட்டு, புரோக்கர் ஒருவரிடம் அறிக்கையைக் காட்டுங்கள். விற்பவரின் தற்போதைய இன்சூரன்ஸ் கம்பனி எது, அது உங்களுக்குத் தொடர்ந்து கொடுக்குமா என்றும் சொலிசிட்டரைக்கொண்டு கேட்பியுங்கள். முன்பு சப்சிடென்ஸ் வந்த வீடென்றால் பல வேளை அந்த வழிதான் திறந்திருக்கும். எதை எடுத்தாலும் சப்சிடென்ஸுக்கு முதல் 1,000 பவுண் வழமையாக உங்கள் கையால்தான் போகும்.

மோட்கேஜ் ஓஃபர் வந்த சந்தோசத்தில் எக்ஸ்சேஞ்சுக்கு, அதாவது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தப் பரிமாற்றத்துக்கு, கையெழுத்து வைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அன்றைக்கே கட்டட இன்சூரன்ஸ் தொடங்கியிருக்க வேண்டும். சப்சிடென்ஸும் உள்ளடங்கிய இன்சூரன்ஸ் விலை எழுத்தில் கைக்கு வந்த பிறகு சொலிசிட்டரிடம் திகதி சொல்லுங்கள். அதுவரை ஏஜென்ட் எத்தனை தடவை போன் அடித்தாலும் அடிக்கட்டும்.