‘பாஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ஒரே சொல் உண்டா?

கிடையாது. நெருங்கி வருவது ‘கட’ என்ற வேர். லத்தீனில் காலடியைக் குறிக்கும் ‘பஸ்ஸுஸ்’தான் இந்த ‘பாஸ்’ஸின் மூலம், அடி வைத்துத் தாண்டுவது. கடவுச்சீட்டு, கடவுச்சொல் இரண்டும் அதனால்தான் கச்சிதமாகப் பொருந்துகின்றன. பரீட்சைக்கு வந்தால் ‘கட’ உதவாது, தேர்ச்சிதான்.

நீங்கள் வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ‘பாஸ்டு அவுட் இன் 2019’ என்று போடாதீர்கள். நம் நாட்டில் புரியும். அமெரிக்கக்காரர் கண்ணுக்கு நீங்கள் 2019இல் மயங்கி விழுந்தவர். ‘கிராஜுவேட்டட் இன் 2019’ போதும். ‘ராணுவத்தில் பாஸிங் அவுட் பரேடு இல்லையா?’ என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: இருக்கிறது, அது சரியான வழக்கு. அதை வைத்துக் கல்லூரிக்கும் நீட்டினால்தான் வம்பு.

அடுத்த குழி, காதுக்கு ஒன்றாகவே கேட்கும் இரண்டு ‘பாஸ்ட்’. வாக்கியத்தில் அதுவே வினையானால் கடைசியில் ஈ-டி வரும்: ‘த லாரி பாஸ்டு த செக்போஸ்ட்’. வேறு வினை ஏற்கெனவே இருந்தால் எஸ்-டி: ‘த லாரி வென்ட் பாஸ்ட் த செக்போஸ்ட்’. ‘வென்ட்’டை எடுத்துவிட்டுப் பாருங்கள், எது தேவை என்று தெரிந்துவிடும்.

அலுவலகத்தில் ‘பில் பாஸ் ஆயிடுச்சு’ என்றால் கருவூலத்தில் பணத்துக்கு ஒப்புதல் கிடைத்தது என்று பொருள். சட்டமன்றத்தில் பில் பாஸ் ஆனால் அது இன்னும் சட்டமல்ல, ஆளுநர் ஒப்புதல் வேண்டும். செய்தியில் இரண்டையும் ‘நிறைவேறியது’ என்று எழுதிவிடக் கூடாது. டாக்டர் ‘யூரின் பாஸ் ஆகுதா?’ என்பார், அங்கே ‘பிரிதல்’. மொழிபெயர்ப்புச் செயலி அதற்கும் ‘தேர்ச்சி’ போட்டால் ஆச்சரியமில்லை.

எங்கள் செங்கோட்டைப் பக்கம் இந்தச் சொல்லுக்கு இன்னும் வேலை அதிகம். புளியரை வழியாகக் கேரளா போகும் ஜல்லி லாரிக்காரர் ‘பாஸ் இருக்கு’ என்றால் அது கனிமம் ஏற்றிச்செல்ல அனுமதிக்கும் நடைச்சீட்டு. 2020இல் ‘பாஸ்’ என்றாலே இ-பாஸ்தான். மலையில் இருப்பதோ கணவாய். ஆரியங்காவும் கணவாய், பாலக்காடும் கணவாய். ஆங்கிலத்தில் பாலக்காட்டை ‘கேப்’ என்பார்கள், ஏனென்றால் அது சுமார் 30 கிலோமீட்டர் அகலத் திறப்பு, ஒடுங்கிய வழியல்ல. மீன்கடையில் கணவாய் கேட்டால் கிடைப்பது வேறு, அதைச் சொல்ல வேண்டியதில்லை.

சம்பந்தமில்லாமல் ஒன்று: செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டில் சேர்ந்தது 1956 நவம்பர் 1. இன்னும் எங்கள் பேச்சை ‘மலையாளக் கலப்பு’ என்று திருத்த வருகிறவர்கள் தங்கள் வாக்கியத்தில் எத்தனை ‘பாஸ்’ என்று எண்ணிப் பார்க்கலாம். மலையாளத்தில் முதலாளி ‘பாஸ்’ஸுக்கும் சீட்டு ‘பாஸ்’ஸுக்கும் முதல் எழுத்தே வேறு. நாம்தான் இரண்டையும் ஒரே ‘பா’ போட்டு எழுதிவிட்டு, ‘பாஸ், பாஸ் எங்கே?’ என்று கேட்கிறோம்.