சிந்துவில் அரபுப் படை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊரில் மாதம் ஒருமுறை கூடும் வாசகர் கூட்டத்தில் சென்ற முறை அரபுத் தளபதி முகம்மது பின் காசிமின் சிந்துப் படையெடுப்பு பற்றிப் பேச்சு எழுந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அது கோயில்களை இடிக்கவும் மதம் மாற்றவும் நடந்த மதப்போர் என்றார். இளைஞர் ஒருவர், கடற்கொள்ளையர் ஒரு கப்பலைப் பிடித்ததற்காக எடுத்த தண்டனை நடவடிக்கைதான் அது, மதத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்றார். பேச்சு முற்றி இருவரும் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். இருவர் சொன்னதிலும் பாதி சரி என்று எனக்குப் படுகிறது. அப்படிச் சொல்லி நழுவுவதில் விருப்பமில்லை. உங்கள் முடிவு என்ன? சிந்துவை ஆண்ட தாகிர் மன்னரின் வீழ்ச்சியை இந்துக்களின் தோல்வி என்று சொல்லலாமா?

ஒரு வாசகர், கோவில்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 711-இல் அந்தப் படையைக் கிளப்பியது அரசியல். ஆனால் மதத்தின் பெயரால் ஆள உரிமை கொண்டாடிய ஓர் அரசின் அரசியல் அது. ஆகவே மதத்துக்குத் தொடர்பே இல்லை என்ற பேச்சையும் நான் ஏற்கமாட்டேன். இரண்டும் ஒரே திசையில் போகும்போது எது முன்னால் போகிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டும் முரண்படும் இடங்களைத் தேட வேண்டும். அங்கே எது விட்டுக்கொடுத்தது என்று பார்த்தால் விடை கிடைக்கும். சிந்து வரலாற்றில் அப்படிப்பட்ட இடங்கள் நிறையவே இருக்கின்றன.

முதலில் அந்தக் கப்பல். ஒன்பதாம் நூற்றாண்டில் அரபு வரலாற்றாசிரியர் பலாதுரி எழுதிய வரலாறு இப்படிச் சொல்கிறது. மாணிக்கத் தீவின் மன்னர், அதாவது இலங்கை மன்னர், தம் நாட்டில் இறந்துபோன முஸ்லிம் வணிகர்களின் பெண்மக்களை இராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜிடம் கப்பலில் அனுப்பினார். சிந்துவின் தேபல் துறைமுகத்தருகே கொள்ளையர் அதைப் பிடித்தார்கள். பெண்களில் ஒருத்தி ஹஜ்ஜாஜின் பெயரைச் சொல்லி ஓலமிட்டாள். செய்தி கேட்ட ஹஜ்ஜாஜ், அவர்களை விடுவிக்கும்படி தாகிருக்கு எழுதினார். பிடித்தவர்கள் கொள்ளையர், என் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் என்று தாகிர் பதில் அனுப்பினார். இலங்கைக்கும் பாரசீக வளைகுடாவுக்கும் இடையே வணிகக் கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அப்படி ஒரு சம்பவம் நடந்திருப்பதில் வியப்பில்லை. ஆனால் ஒரு கப்பலுக்காக ஒரு நாட்டையே பிடித்தார்கள் என்பதை என் மனம் ஏற்கவில்லை. கப்பல் ஒரு சாக்கு. சாக்குத் தேடுகிறவனுக்குக் காரணம் ஏற்கனவே இருக்கும்.

அந்தக் காரணத்தைப் புரிந்துகொள்ள எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னால் போக வேண்டும். இரண்டாம் கலீஃபா உமரின் காலத்தில் பஹ்ரைன், ஓமன் பகுதிகளின் ஆளுநர், மும்பைக்கு அருகில் உள்ள தாணா வரை ஒரு கடற்படையை அனுப்பினார். உமரின் அனுமதி பெறவில்லை. படை சேதமில்லாமல் திரும்பியது. உமர் மகிழவில்லை. ஒரு புழுவைக் கட்டையில் ஏற்றி அனுப்பியிருக்கிறாய், அவர்கள் அழிந்திருந்தால் அத்தனை பேரை உன் குலத்திலிருந்து எடுத்திருப்பேன் என்று எழுதினார். அடுத்த கலீஃபா உஸ்மான், சிந்து எல்லையைப் பார்த்துவர ஆள் அனுப்பினார். தண்ணீர் குறைவு, பழங்கள் மட்டம், திருடர்கள் துணிந்தவர்கள், சிறு படை போனால் அழியும், பெரும் படை போனால் பட்டினி கிடக்கும் என்று அந்த ஆள் வந்து சொன்னார். உஸ்மான் படை அனுப்பவில்லை.

இவர்கள் இருவரும் நபியுடன் வாழ்ந்தவர்கள். மதப்பற்றில், ஹஜ்ஜாஜைப் போன்ற பிற்கால உமய்யா அரசமரபின் ஆளுநர்களைவிடக் குறைந்தவர்கள் என்று எந்த முஸ்லிமும் சொல்லமாட்டார். மதக்கடமைதான் சிந்துவுக்குப் படையை இழுத்தது என்றால், அந்தக் கடமை உமருக்கும் இருந்தது, உஸ்மானுக்கும் இருந்தது. ஆனால் அவர்கள் பார்த்தது தண்ணீரையும் தூரத்தையும் செலவையும்தான். மதம் மாறவில்லை. மாறியது எல்லை நிலவரம். ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் மக்ரான் அரபுகளின் கைக்கு வந்துவிட்டது. அதை ஒட்டிய சிந்து, கலகக்காரர்கள் ஓடி ஒளியும் இடமாக ஆகிவிட்டது. அல்லாஃபி குலத்துச் சகோதரர்கள் மக்ரானின் ஆளுநரைக் கொன்றுவிட்டு தாகிரிடம் அடைக்கலம் புகுந்தார்கள். ஹஜ்ஜாஜின் கண்ணில் இது கப்பல் கொள்ளையைவிடப் பெரிய குற்றம்.

ஹஜ்ஜாஜ் யார் என்பதைச் சொல்லாமல் இந்தப் போரைப் பேச முடியாது. 692-இல் மெக்காவை முற்றுகையிட்டு, கவண்பொறிகளால் கற்களை எறிந்து, எதிர்க் கலீஃபாவாக அமர்ந்திருந்த அப்துல்லா இப்னு ஜுபைரை வீழ்த்தியவர். மெக்காவின் புனித ஆலயமான கஅபாவே அந்தக் கற்களால் சேதமடைந்தது. பின்னர் இராக்கின் ஆளுநரானார். கிழக்கு எல்லையில் உள்ள சிஸ்தானுக்கு அவர் அனுப்பிய பெரும் படை தன் தளபதி இப்னுல் அஷ்அதின் தலைமையில் அவருக்கு எதிராகவே திரும்பியது. அந்தக் கலகத்தில் குர்ஆன் ஓதும் அறிஞர்கள் பலர் சேர்ந்துகொண்டு ஹஜ்ஜாஜை இறைவனின் பகைவர் என்று சாடினார்கள். அந்தக் கலகத்தை 701-இல் தெய்ருல் ஜமாஜிம் போரில் முறித்தபின், இராக்கியரை நம்பாமல் சிரியாவின் படைவீரர்களைக் கொண்டே அவர் ஆண்டார். வாசித் என்ற புதுநகரத்தை அவர்களுக்காகவே கட்டினார்.

இப்போது சிந்துப் படையைப் பாருங்கள். அதன் நடுநாயகம் 6000 சிரிய வீரர்கள். தலைவர் ஹஜ்ஜாஜின் உறவினர், பதினேழு வயது என்று மரபு சொல்லும் முகம்மது பின் காசிம். அதற்கு முன் தேபலுக்கு அனுப்பிய இரண்டு படைகளின் தலைவர்களும் கொல்லப்பட்டிருந்ததால் இம்முறை ஹஜ்ஜாஜ் எதையும் விட்டுவைக்கவில்லை. நூலும் ஊசியும் வரை கணக்குப் பார்த்து அனுப்பினார். உணவுக்குச் சுவை சேர்க்க, காடியில் ஊறவைத்து உலர்த்திய பஞ்சுகூடப் போனது. வேண்டும்போது தண்ணீரில் நனைத்தால் காடி கிடைக்கும். தேபலை உடைக்க ஐந்நூறு பேர் இழுத்து இயக்கும் கவண்பொறி ஒன்றைக் கடல்வழியே அனுப்பினார். மெக்காவின் மீது கல் எறிந்த அதே கைதான் தேபலின் கோயில் கொடிமரத்தின் மீதும் கல் எறிந்தது.

தேபல் விழுந்தபின் மூன்று நாட்கள் கொலை நடந்தது. பலாதுரியே எழுதியிருக்கிறார். காரணம் மதமா அரசியலா என்று நாம் விவாதிக்கும்போது அந்த மக்களை மறந்துவிடக் கூடாது என்பதால் இதைச் சொல்கிறேன். அரசியல் என்று சொன்னால் குற்றம் குறைந்துவிடாது. அந்த நகரத்தில் நாலாயிரம் முஸ்லிம்களைக் குடியேற்றி ஒரு மசூதியும் கட்டினார்கள். அந்த வீரர்கள் தொழுதார்கள், வெற்றியை இறைவனின் அருளாகவே எண்ணினார்கள். கொள்ளையில் ஐந்தில் ஒரு பங்கு அரசுக்குப் போனது மதச் சட்டப்படிதான். வந்தவர்களை ஒன்றாகக் கட்டிவைத்த நம்பிக்கையை வெறும் வேடம் என்று சொல்வது அவர்களுக்கு நாம் செய்யும் அநியாயம். இளைஞர் விட்டுவிட்ட பாதி இதுதான்.

ஆசிரியர் விட்டுவிட்டது முல்தானை. 713-இல் முல்தான் விழுந்தது. அதன் சூரியன் கோயிலுக்குத் தூரத்து ஊர்களிலிருந்து எல்லாம் யாத்திரிகர்கள் காணிக்கை கொண்டுவந்து குவித்தார்கள். கோயிலில் இருந்த பொன் அரபுகளுக்குக் கிடைத்தது. சிலையை என்ன செய்தார்கள்? பதினோராம் நூற்றாண்டில் முஸ்லிம் அறிஞர் அல்பிரூனி எழுதுகிறார்: நகரத்தின் செல்வத்துக்கு இந்தச் சிலையே காரணம் என்று அறிந்த காசிம் அதை இருந்த இடத்திலேயே விட்டுவைத்தார், ஆனால் ஏளனமாக அதன் கழுத்தில் மாட்டிறைச்சியைத் தொங்கவிட்டார், அருகில் ஒரு மசூதி கட்டினார். இந்த ஒரு செயலை ஊன்றிப் பாருங்கள். இறைச்சியைத் தொங்கவிட்டது மதம். சிலையை விட்டுவைத்தது வரவு செலவு. மதம் மட்டுமே என்றால் சிலை அன்றே உடைந்திருக்கும். வரவு மட்டுமே என்றால் அந்த ஏளனத்துக்கு இடமில்லை. ஆனால் இரண்டும் மோதிய இடத்தில் வரவு வென்றது. இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் முல்தானை ஆண்ட அரபு அமீர்கள், வட இந்தியாவை ஆண்ட பிரதிகாரரின் படை நெருங்கினால் சிலையை உடைத்துவிடுவோம் என்று மிரட்டியே அதைத் திருப்பி அனுப்பினார்கள். உடைக்க வேண்டிய சிலை அவர்களின் கோட்டைச் சுவராக ஆகிவிட்டது.

ஹஜ்ஜாஜும் கணக்குப் பார்த்தார். படைக்கு ஆறு கோடி திர்ஹம் செலவாகியிருந்தது, வந்து சேர்ந்ததோ பன்னிரண்டு கோடி. நம் கோபம் தணிந்தது, பழி தீர்த்தோம், ஆறு கோடியும் தாகிரின் தலையும் லாபம் என்றார் அவர். பலாதுரி பதிவுசெய்திருக்கும் அந்தச் சொற்களில் இறைவனின் பெயர் இல்லை, மதம் மாறியவர்களின் எண்ணிக்கை இல்லை. இராக்கில் இஸ்லாத்தைத் தழுவிய குடியானவர்களிடமும் தலைவரியைத் தொடர்ந்து வாங்கி, நகரங்களிலிருந்து அவர்களைக் கிராமங்களுக்கே துரத்தியவர் இவர். மதம் பரப்புவது நோக்கமாக இருந்தவர் அதைச் செய்யமாட்டார்.

எனக்கு மிகவும் வலிக்கும் பகுதி தாகிரின் மகன் ஜெய்சியாவின் கதை. 717-இல் கலீஃபாவான இரண்டாம் உமர், சிந்து மன்னர்களுக்குக் கடிதம் எழுதி இஸ்லாத்துக்கு அழைத்தார். தழுவினால் உங்கள் நாடு உங்களுக்கே, முஸ்லிம்களுக்கு உள்ள உரிமைகளும் கடமைகளும் உங்களுக்கும் உண்டு என்றார். மதம் மாறியவர்களிடம் ஜிஸ்யா என்ற தலைவரியை வாங்கக் கூடாது என்று ஆளுநர்களுக்குக் கட்டளையிட்டவரும் அவரே. அரசின் வருவாயை விட்டுக்கொடுத்து மதத்தின் சொல்லைக் காத்த மனிதர் என்று அவரை நான் மதிக்கிறேன். அவர் ஆண்டது மூன்று ஆண்டுகள்கூட இல்லை. ஜெய்சியா அந்தச் சொல்லை நம்பி முஸ்லிமானார். பிறகு ஜுனைத் ஆளுநராக வந்து சிந்து நதியைக் கடக்க முயன்றபோது ஜெய்சியா தடுத்தார். நான் முஸ்லிம், என் நாட்டை எனக்கு உறுதிசெய்தவர் ஒரு நல்ல மனிதர், உன்னை நான் நம்பவில்லை என்றார். ஜுனைத் படகுகளில் போர் செய்து அவரைப் பிடித்துக் கொன்றார். இந்தத் துரோகத்தை இராக்குக்குப் போய் முறையிடக் கிளம்பிய அவருடைய தம்பியையும் நயமாகப் பேசி வரவழைத்துக் கொன்றார். முஸ்லிமான மன்னரை முஸ்லிம் ஆளுநர் நிலத்துக்காகக் கொன்றதை மதப்போர் என்ற சொல்லில் எங்கே வைப்பது?

முகம்மது பின் காசிமின் முடிவும் அப்படியே. 715-இல் சுலைமான் கலீஃபாவானார். அவருடைய பட்டத்து உரிமையைப் பறிக்கும் முயற்சிக்குத் துணைநின்றவர் ஹஜ்ஜாஜ். அவர் அதற்கு முன்பே இறந்துவிட்டதால் பழி அவருடைய ஆட்கள் மேல் இறங்கியது. காசிம் விலங்கிடப்பட்டு வாசித் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார். அங்கே அவரைச் சித்திரவதை செய்து கொன்ற அதிகாரியின் சகோதரர், முன்னர் ஹஜ்ஜாஜால் கொல்லப்பட்டவர். தாகிரின் மகள்கள் பொய் சொல்லிக் காசிமைப் பச்சைத்தோலில் தைக்கவைத்த கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அது பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாரசீக மொழியில் எழுதப்பட்ட சச்நாமாவில் வருகிறது, நிகழ்ச்சிக்கு ஐந்நூறு ஆண்டுகள் பிந்தியது. பலாதுரி சொல்லும் பழைய செய்தியையே நான் எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். தாகிர் பிராமண மன்னர். அவருடைய குடிகளில் பௌத்தர்கள் பெருந்தொகை. நேருன் நகரத்தார் படை வருவதற்கு முன்பே இரண்டு துறவிகளை அனுப்பி ஹஜ்ஜாஜிடம் சமாதானம் செய்துகொண்டார்கள். ஜாட் குடியினர் பலர் காசிமுடன் சேர்ந்தார்கள். இதை வைத்துப் பௌத்தர்கள் துரோகம் செய்தார்கள் என்று சிலர் எழுதுவது மோசமான எளிமைப்படுத்தல். ஒவ்வொரு ஊரும் தன் மதிலையும் தன் தானியத்தையும் பார்த்து முடிவெடுத்தது. எதிர்ப்பக்கத்தில், 712-இல் போரில் இறந்த தாகிரிடம் அடைக்கலம் புகுந்திருந்த அல்லாஃபி அரபுகள் அவருக்குப் பணி செய்தவர்கள் என்கிறது சச்நாமா. இன்று பாகிஸ்தானில் ஒரு துறைமுகத்துக்குக் காசிமின் பெயர். அதே நாட்டில் சிந்து தேசியவாதி ஜி.எம். சையது தாகிரைத் தம் மண்ணின் வீரராகப் போற்றினார்.

அக்காலத்துத் தென்னாட்டார் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கும் சான்று இருக்கிறது. குஜராத்தின் நவசாரி வரை வந்த அரபுப் படையைச் சாளுக்கியச் சிற்றரசர் அவனிஜனாசிரய புலகேசி தோற்கடித்தார். 738-39-இன் நவசாரிச் செப்பேடு அந்தப் படையைத் தாஜிகர் என்று குறிக்கிறது. தாஜிகர் வென்ற சைந்தவர், சௌராஷ்டிரர், கூர்ஜரர் முதலியோரை வரிசையாகச் சொல்லி, தக்காணத்தின் மன்னர்களை வெல்ல வந்தவர்கள் என்கிறது. வேறொரு நாட்டு அரசின் படையாகத்தான் அவர்களை அது பார்க்கிறது. புலகேசிக்கு வெற்றிப் பட்டங்கள் சூட்டிய பேரரசர், காஞ்சியைப் பிடித்து, கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைத் திருப்பிக் கொடுத்ததாகக் கல்வெட்டு வைத்த இரண்டாம் விக்கிரமாதித்தர். பல்லவரோடு போரிட்டதை அவர் மதப்போர் என்று எண்ணவில்லை, தாஜிகரோடு போரிட்டதையும் அப்படிப் பொறிக்கவில்லை. எனவே தாகிரின் தோல்வியை தாகிரின் தோல்வி என்றும், சிந்து அரசின் தோல்வி என்றும் சொல்லுங்கள். இந்துக்களின் தோல்வி என்று சொல்ல அந்த நூற்றாண்டின் சான்றுகளில் எனக்கு இடம் தெரியவில்லை.

அன்புடன்.