ஆபரேஷனுக்கு முன்னால் 15 கிலோ குறைக்கச் சொல்கிறார்கள். குறைக்க முடிந்தால் ஆபரேஷன் எதற்கு?

உங்கள் அண்ணன் 160 கிலோ, எடை குறைப்பு ஆபரேஷன் கேட்டுப் போனால் முதலில் 15 கிலோ குறைத்துவிட்டு வரச் சொல்கிறார்கள், இது என்ன நியாயம் என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியை 2021 கடைசியில் கோவையில் ஒரு சர்ஜனுக்கு எதிரே உட்கார்ந்து நானும் கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். பக்கத்தில் என் தம்பி தலையைக் குனிந்துகொண்டிருந்தான். கைப்பிடி வைத்த நாற்காலியில் அவனால் உட்கார முடியாது என்பதால் வெளியே இருந்த பெஞ்சை உள்ளே இழுத்துப் போட்டிருந்தார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை, ஒரு நூல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்று யாரையும் தள்ளவும் இல்லை. பேலியோ டயட்டில் 40 கிலோ குறைத்தேன், நடந்தே குறைத்தேன் என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு என் உண்மையான வாழ்த்துகள். என் தம்பியும் பேலியோ இருந்தான். ஒரு தடவை 22 கிலோ, இன்னொரு தடவை 17 கிலோ குறைத்தான். இரண்டு தடவையும் ஒரு வருஷத்துக்குள் போனதும் அதற்கு மேலும் திரும்பி வந்தது. வாயைக் கட்டத் தெரியாதவன் என்று கல்யாண வீட்டுப் பந்தியில் அவன் காதுபடச் சொன்னவர்கள் யாரும் அந்த மாதங்களில் அவன் தட்டில் என்ன இருந்தது என்று பார்த்ததில்லை.

அப்போது அவனுக்கு 27 வயது, உயரம் 168 சென்டிமீட்டர். எடை எவ்வளவு என்றே எங்களுக்குத் தெரியாது, ஈரோட்டில் நாங்கள் போன கிளினிக்கில் இருந்த மிஷின் 150-க்கு மேல் காட்டாது. கடைசியில் அப்பா வேலை பார்க்கும் மஞ்சள் மண்டியில், சாயங்காலம் ஆட்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, மூட்டை நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசில் ஏறி நின்றான். 174.2. அப்பா எண்ணைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தராசை அணைத்தார். தம்பியின் கால்சட்டை ஓரத்தில் மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது, வீடு வரும் வரை அதையே தட்டிக்கொண்டு வந்தான். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் பிஎம்ஐ கணக்குப் போட்டால் 61-க்கு மேல். 40-ஐத் தாண்டினாலே ஆபரேஷனுக்கு யோசிக்கலாம் என்பார்கள்.

நாங்கள் முதலில் போனது வேறோர் இடம். அங்கே யாரும் எடை குறைக்கச் சொல்லவில்லை. ரத்தம், ஈசிஜி, எக்கோ எடுத்தார்கள், அடுத்த வியாழக்கிழமை அட்மிஷன், ஒரு லட்சம் முன்பணம் கட்டினால் போதும் என்றார்கள். அன்றைக்கு நான் எவ்வளவு நிம்மதியாக வீடு திரும்பினேன் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. பணம் புரட்ட அப்பாவுக்குப் பத்து நாள் ஆனது, அந்த இடைவெளியில் தெரிந்தவர் ஒருவர் சொல்லித்தான் கோவைக்குப் போனோம்.

கோவை சர்ஜன் நான் கத்தி முடிக்கும் வரை காத்திருந்து, மருந்துச்சீட்டைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்தார். இரைப்பை, அதன் மேல் பாதி மூடியபடி கல்லீரல். இந்த எடையில் பலருக்குக் கல்லீரலில் கொழுப்பு ஏறிப் பெருத்து, கனத்து, தூக்கினால் கிழிந்துவிடும் நிலையில் இருக்குமாம். லேப்ராஸ்கோப்பியில் நாலைந்து சின்னத் துளை வழியாகத்தான் வேலை, கல்லீரலைத் தூக்கிப் பிடித்தால்தான் இரைப்பையின் மேல் முனை கண்ணுக்குத் தெரியும். தூக்க முடியாவிட்டால் ரத்தக்கசிவு, இல்லையென்றால் வயிற்றைத் திறந்து செய்ய வேண்டும், அதுவும் முடியாமல் அப்படியே மூடிவிட்டு வரவும் நேரலாம். மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்து, நாளைக்கு 800 முதல் 1000 கலோரிக்குள் இரண்டு மூன்று வாரம் இருந்தால் முதலில் சுருங்குகிறவற்றில் ஒன்று கல்லீரல். அதில் சேர்ந்திருக்கும் சர்க்கரையும் தண்ணீரும் போகும், கொழுப்பும் குறையும். "இவரு இப்பக் குறைக்கிறது திரும்பி வந்துடும்னு எனக்கும் தெரியுங்க. ஆபரேஷன் அன்னைக்குக் கல்லீரல் சுருங்கி இருந்தாப் போதும்" என்றார். உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். உங்கள் அண்ணனின் மன உறுதிக்கு வைத்த பரீட்சை இல்லை அது. நானும் அதை அவமானமாக எடுத்துக்கொண்டதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அதே நாள் மயக்க டாக்டரும் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி படுத்துத் தூங்குறாருங்களா, உட்கார்ந்தா?" என்பது. ஒரு வருஷமாக அவன் சோபாவில் சாய்ந்துதான் தூங்கினான். சிக்னலில் டிவிஎஸ் வண்டியை நிறுத்திய நேரத்தில்கூடக் கண் சொருகிவிடும், நாங்கள் சோம்பேறித்தனம் என்று நினைத்தோம். தூக்கப் பரிசோதனை எடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் 68 தடவை மூச்சு தடைபடுகிறது. 30-க்கு மேலே போனாலே கடுமை. இதைக் கண்டுபிடிக்காமல் மயக்கம் கொடுத்து, பிறகு வலிக்கு மார்ஃபின் மாதிரியான ஓபியாய்டு ஊசியும் போட்டு வார்டுக்கு அனுப்பினால் ராத்திரி மூச்சு நின்றே போகலாம் என்று அவர் சொன்னபோது எனக்கு அந்த வியாழக்கிழமை ஞாபகம் வந்தது.

ஆறு வாரம் சிபாப் மிஷின் வைத்துத் தூங்கச் சொன்னார்கள், மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி மூச்சுப்பாதை அடைபடாமல் பார்த்துக்கொள்ளும் மிஷின். முதல் மூன்று ராத்திரி மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தான். நாலாவது ராத்திரி வீட்டில் குறட்டைச் சத்தமே இல்லை, நான் பயந்து எழுந்துபோய் அவன் மார்பு ஏறி இறங்குகிறதா என்று விளக்குப் போடாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். காலையில் ஆறு மணிக்கு அவனே எழுந்து வந்து, "அக்கா, தலைவலி இல்லை" என்றான். சில வருஷமாகக் காலைத் தலைவலி இருந்தது என்பதையே அன்றுதான் சொன்னான்.

கடைசி மூன்று வாரம் கொழுப்பு நீக்கிய பாலில் புரதப் பவுடர், மோர், தெளிந்த சூப், வெள்ளரிக்காய், முட்டை வெள்ளைக்கரு. நானும் அதையே சாப்பிட்டேன். 161-க்கு வந்தான், 13 கிலோ. 15 வரவில்லையே என்று பயந்தோம், சர்ஜன் ஸ்கேனைப் பார்த்துவிட்டுப் போதும் என்றார்.

சம்பந்தமில்லாத ஒன்றை இங்கே சொல்லியே ஆக வேண்டும். அந்த உணவுப் பட்டியல் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. சமைப்பது என் அம்மா, எட்டாவது வரை தமிழில் படித்தவர். நான் உட்கார்ந்து ஒரு முழு இரவு தமிழில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். அதைவிட மோசம், சம்மதப் படிவம். ஒன்பது பக்கம். கசிவு, ரத்தக்கட்டி, மரணம் என்று எல்லாம் அதில் இருக்கிறது, அப்பா அதில் ஒரு வரிகூடப் படிக்க முடியாமல் விரல் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். கோவையில், தமிழ் பேசும் நோயாளிக்கு, தமிழ் பேசும் டாக்டர்கள். நர்ஸ் நல்லவர், வாயால் விளக்கினார், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் உயிருக்கான காகிதத்தைத் தமிழில் அச்சடிக்க என்ன செலவாகிவிடும்? ரேஷன் கடை ரசீது தமிழில் வருகிறது.

சரி. 2022 ஜனவரியில் ஆபரேஷன் நடந்தது. ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் ஸ்டேப்ளர் போட்டு வெட்டி எடுத்து, மிச்சத்தை வாழைப்பழம் அளவுக் குழாயாக விடுகிறார்கள். இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸ் பற்றியும் கேட்டோம். ரொம்பவும் எடை கூடியவர்களுக்குப் பெரிய ஆபரேஷனை ஒரே மூச்சில் செய்யாமல் முதல் கட்டமாக ஸ்லீவ் மட்டும் செய்ய ஆரம்பித்ததுதான் பிறகு தனி ஆபரேஷனாகவே நிலைத்தது என்றார் சர்ஜன், தேவைப்பட்டால் இரண்டாம் கட்டம் பின்னால் பார்க்கலாம் என்றார். மட்டமாகப் படுக்க வைத்தால் வயிறு நுரையீரலை அழுத்தி ஆக்சிஜன் சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால், காது மட்டமும் நெஞ்செலும்பு மட்டமும் ஒரே கோட்டில் வரும் வரை முதுகுக்கும் தலைக்கும் அடியில் அடுக்கித்தான் மயக்கம் கொடுத்தார்கள்.

மதியம் முடிந்தது, சாயங்காலமே எழுப்பி நடக்க வைத்தார்கள். அம்மா அழுதார், பாவம் விடுங்கள் என்று. விடவில்லை. காலில் ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போவதும், தையல் இடத்தில் கசிவதும், இவைதான் பெரிய பயம். காலை அழுத்தி அழுத்தி விடும் மிஷின், ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஊசி, வீட்டுக்கு வந்தும் இரண்டு வாரம் அந்த ஊசி. டிஸ்சார்ஜ் அன்று என்னிடம் சொன்னது: நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டி நின்றால், காய்ச்சல் வந்தால், மூச்சு வாங்கினால் உடனே வாங்க, வயிறு வலிக்கவில்லையே என்று உட்கார்ந்திருக்காதீங்க, இந்த உடம்பில் வலி லேட்டாகத்தான் தெரியும். கொரோனாவுக்கு வாங்கிய ஆக்சிமீட்டர் இருந்தது, நாலு மணிக்கு ஒரு தடவை துடிப்பை நோட்டில் எழுதினேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது.

ஆபத்து வந்தது ஐந்தாவது வாரத்தில். இட்லியை அவசரமாக விழுங்கியதில் ஆரம்பித்து நாலு நாள் வாந்தி, தண்ணீர்கூட நிற்கவில்லை. ராத்திரி பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றத் தயாரானார்கள். தொடர் வாந்தி என்றால் பி1 வைட்டமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் ஏற்றக் கூடாது, மூளையைப் பாதிக்கும் என்று கோவையில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நான் சொன்னேன். "நீங்க டாக்டரா?" என்றார் டூட்டி டாக்டர். கோவைக்குப் போன் போட்டு அவர் காதில் கொடுத்தேன். பேசிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பி1 எழுதினார். அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

குறைந்தபட்சம் 104 வந்தான், இப்போது 109. ஆமாம், ஐந்து கிலோ ஏறியிருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. நாலாவது மாதம் கொத்துக் கொத்தாக முடி கொட்டி மறுபடி வளர்ந்தது. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுள் முழுக்க, வருஷத்துக்கு ஒரு தடவையாவது ரத்தப் பரிசோதனை. சிபாப் தேவையில்லை என்று மறுபரிசோதனைக்குப் பிறகு சொல்லிவிட்டார்கள். கட்டிலில் படுத்துத் தூங்குகிறான்.

பணத்துக்கு: இன்சூரன்ஸ் இருந்தால் "அழகு சிகிச்சை" என்று முதலில் தட்டிக் கழிப்பார்கள், எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. பிஎம்ஐ 40-க்கு மேல் இருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ விதியிலேயே இந்த மறுப்புக்கு விதிவிலக்கு இருக்கிறது, பாலிசியில் உடல்பருமன் பற்றிய பிரிவைப் படித்து எழுத்தில் கேளுங்கள். அப்புறம், 2025-ல் எடை குறைக்கும் ஊசிகளான மௌஞ்சாரோவும் வெகோவியும் இந்தியாவுக்கு வந்த பிறகு நிறையப் பேர் போடுகிறார்கள். உங்கள் அண்ணனும் போடுகிறார் என்றால் மயக்க டாக்டரிடம் மறைக்காதீர்கள், அந்த மருந்தில் இரைப்பை காலியாக நேரம் பிடிக்கும், மயக்கத்தில் உள்ளே இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடலாம்.

15 கிலோ குறைக்கச் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள், தூக்கப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்களா என்று எழுதவில்லையே? அண்ணன் ராத்திரி படுத்துத் தூங்குகிறாரா, உட்கார்ந்தா? கீழே சொல்லுங்கள். நான் தமிழில் எழுதிய அந்த மூன்று வாரப் பட்டியல் போட்டோவாக இருக்கிறது, வேண்டுமென்றால் அனுப்புகிறேன், உங்கள் டாக்டரிடம் காட்டிச் சரி என்றால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.