நானோ துகள் உள்ளே போனால் உடம்பு என்ன செய்யும்?

டாக்டர், வீட்டில் தினமும் ஊதுபத்தி, கொசுவர்த்தி. அந்தப் புகை நுரையீரலிலேயே தங்கிவிடுமா?

பெரிய தூசியை மூச்சுக்குழாய்ச் சளி பிடித்துவிடும். அதை நுண்மயிர்கள் தொண்டைவரை தள்ளிக்கொண்டு வரும். நமக்கே தெரியாமல் விழுங்கிவிடுகிறோம். புகையில் 100 நானோமீட்டருக்கும் சிறிய துகள்கள், அதாவது நானோ துகள்கள், ஏராளம். தலைமுடியின் தடிமனே சுமார் 80,000 நானோமீட்டர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இவற்றில் பல, நுரையீரலின் கடைசியில் உள்ள காற்று நுண்ணறைவரை போய்விடும். அங்கே சளியும் இல்லை, நுண்மயிரும் இல்லை. காவலுக்கு இருப்பவை மேக்ரோஃபேஜ் எனும் விழுங்கு செல்கள்தான். துகளை விழுங்கி, மெல்ல நகர்ந்து சளிப்பாதையில் ஏறும். அதற்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட ஆகும். அதற்குள் தினமும் புது மூட்டை இறங்கினால் அழற்சிதான். கொசுவலை கட்டுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். சாமிக்கு ஒரு பத்தி போதும், கோபித்துக்கொள்ள மாட்டார்.

துகள் சிறிதாக இருந்தால்தான் ஆபத்தா?

வடிவமும் முக்கியம். ஆஸ்பெஸ்டாஸ் இழை ஊசி மாதிரி. நீளமான இழை விழுங்கு செல்லைவிடப் பெரியது. பாதி விழுங்கிய நிலையில் செல் திணறும், தன் செரிமான நொதிகளைச் சுற்றிலும் கசியவிடும். இழை கரையாது, புண்ணும் ஆறாது. நீளமான கார்பன் நானோ குழாய்களும் இப்படியே நடந்துகொள்வதை 2008இல் எலிகளிடம் கண்டார்கள்.

நானோ சன்ஸ்கிரீன் தோலுக்குள் இறங்குமா?

ஆரோக்கியமான தோலில் மேலடுக்குச் செத்த செல்களிலேயே அதிலுள்ள துத்தநாக ஆக்சைடு துகள் நின்றுவிடும். கிரீம் பூசலாம், ஸ்பிரே வேண்டாம், அது மூச்சில் போகும்.

எதிர்ப்புச் சக்திக்கு நானோ வெள்ளி நீர் குடிக்கச் சொல்கிறார்கள்...

குடிக்காதீர்கள். தொடர்ந்து குடித்தவர்களுக்குத் தோல் நீலச்சாம்பல் நிறமாகியிருக்கிறது. அது பெரும்பாலும் மாறுவதில்லை.

அம்மாவுக்கு நானோ கீமோ, அதாவது நானோ துகளில் அடைத்த புற்றுநோய் மருந்து. உடம்பு மருந்தையும் அந்நியமாக நினைத்து வெளியேற்றாதா?

நினைக்கும். ரத்தத்தில் இறங்கிய நொடியே புரதங்கள் துகள்மேல் ஒட்டிக்கொள்ளும். விழுங்கு செல்கள் பார்ப்பது அந்தப் புரதச் சட்டையைத்தான். கல்லீரலில் இருப்பவை பெரும்பங்கைப் பிடித்துவிடும். சிறுநீரகம் வழியாக எளிதில் போவது 6 நானோமீட்டர் அளவுக்குள் இருப்பவைதான். அமெரிக்காவில் 1995இல் அனுமதி பெற்ற டாக்சில் என்ற நானோ புற்றுநோய் மருந்துக்கு, விழுங்கு செல்கள் பிடிப்பதைத் தாமதப்படுத்தவே பாலிஎதிலீன் கிளைக்கால் என்ற பாலிமர் பூச்சு கொடுத்தார்கள். இத்தகைய மருந்தில் சிலருக்கு முதல் டிரிப் ஏறும்போதே முகம் சிவக்கும், முதுகு வலிக்கும், நெஞ்சு இறுகும். "தானாகச் சரியாகிவிடும்" என்று அம்மா பொறுத்துக்கொள்ள வேண்டாம். உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். டிரிப்பை நிறுத்திவிட்டு, சரியானதும் வேகத்தைக் குறைத்து ஏற்றுவார்கள்.