டெசி ஆர்னஸ்: கணவர் வேடமும் நெகட்டிவ் உரிமையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

யூடியூபில் ‘ஐ லவ் லூசி’ தொடரின் சில பகுதிகளைப் பார்த்தேன். 1951-இல் தொடங்கியது என்கிறார்கள். அந்தக் காலத்து வேறு அமெரிக்க நிகழ்ச்சிகள் கலங்கலாகத் தெரிகின்றன, இது மட்டும் சினிமா மாதிரி பளிச்சென்று இருக்கிறதே, ஏன்? இன்னொரு சந்தேகம், கணவராக வரும் டெசி ஆர்னஸைப் பற்றி. லூசில் பாலின் நிஜக் கணவர் என்பதால் கிடைத்த வேடம் என்கிறார்கள் சிலர். மூன்று கேமராப் படப்பிடிப்பையும் மறுஒளிபரப்பையும் கண்டுபிடித்தவரே அவர்தான் என்கிறார்கள் வேறு சிலர். எதை நம்புவது? நடிகராக அவர் எப்படி?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரண்டையும் நம்ப வேண்டாம். ஆனால் முதல் பேச்சில் பாதி உண்மை இருப்பதால் அதிலிருந்தே தொடங்கலாம்.

டெசி 1917 மார்ச் 2 அன்று கியூபாவின் சாண்டியாகோவில் பிறந்தவர். தந்தை அந்த நகரின் மேயர். 1933-இல் ஆட்சி கவிழ்ந்தபோது தந்தை சிறைக்குப் போனார், சொத்து பறிபோனது, குடும்பம் மயாமிக்கு வந்து சேர்ந்தது. பறவைக் கூண்டு கழுவிப் பிழைத்த பையன், சேவியர் கூகாட்டின் இசைக்குழுவில் பாடகனாகி, பிறகு தனிக் குழு வைத்தான். 1939-இல் பிராட்வே, அடுத்த ஆண்டு அதே நாடகத்தின் படம். ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவில் அந்தப் படத்தின்போதுதான் லூசில் பாலைச் சந்தித்தார், 1940 நவம்பர் 30-இல் திருமணம். அதன்பின் பத்து ஆண்டுகள் அவர் இசைக்குழுவோடு ஊர் ஊராக, அவள் ஹாலிவுட்டில். லூசிலின் வானொலித் தொடரைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர சி.பி.எஸ். ஒளிபரப்பு நிறுவனம் கேட்டபோது, கணவனாக டெசிதான் நடிக்க வேண்டும் என்று லூசில் பிடிவாதம் பிடித்ததற்கு இதுவே காரணம். கியூபா உச்சரிப்புள்ளவனை அமெரிக்க மனைவிக்குக் கணவனாக மக்கள் ஏற்பார்களா என்று நிறுவனம் தயங்கியது. 1950-இல் இருவரும் மேடை நிகழ்ச்சியாகவே ஊர்களில் நடித்துக் காட்டினார்கள். பைலட் எனப்படும் மாதிரிப் பகுதி 1951 மார்ச் 2-இல் பதிவானது, டெசியின் 34-ஆவது பிறந்தநாளில். ஆக, வேடம் மனைவியால் கிடைத்தது என்பது சரிதான். கிடைத்த பிறகு நடந்ததுதான் விஷயம்.

இப்போது கலங்கல். அன்று பெரும்பாலான நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்பாயின. கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் மைக்ரோவேவ் தடம் 1951 செப்டம்பரில்தான் செயல்படத் தொடங்கியது. நேரடி இணைப்பு எட்டாத ஊர்களுக்குக் கினஸ்கோப் பிரதி போகும். அதாவது தொலைக்காட்சித் திரைக்கு எதிரே ஒரு ஃபிலிம் கேமராவை வைத்து, ஓடுகிற படத்தை அப்படியே சுட்டெடுப்பது. ஏற்கெனவே குறைந்த கோடுகளால் ஆன படம், படக்குழாயின் கண்ணாடி வளைவு, அதற்கு மேல் ஃபிலிமின் இழப்பு. தவிர, தொலைக்காட்சி நொடிக்கு 30 படங்கள், ஃபிலிம் 24. பொருத்தம் சற்றுப் பிசகினாலும் குறுக்கே ஒரு பட்டை ஓடும். நீங்கள் பார்த்த கலங்கலான நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இந்தப் பிரதிகள்தான்.

சிகரெட் கம்பெனியான ஃபிலிப் மாரிஸ்தான் ஸ்பான்சர். மக்கள்தொகை மிகுந்த கிழக்குப் பகுதிக்குக் கலங்கல் பிரதி போவதை அவர்கள் விரும்பவில்லை, நியூயார்க்குக்கு வாருங்கள் என்றார்கள். தம்பதியர் கலிஃபோர்னியாவை விட்டு நகர மறுத்தார்கள். அப்படியானால் 35 மி.மீ. ஃபிலிமில் எடுப்போம், எல்லா ஊருக்கும் ஒரே தரம் என்றார் டெசி. செலவு கூடும். அதில் ஒரு பங்காக வாரத்துக்கு 1,000 டாலர் சம்பளத்தைத் தாங்கள் விட்டுக்கொடுப்பதாகவும், பதிலுக்குப் படங்களின் முழு உரிமை தங்கள் நிறுவனமான டெசிலூவுக்கு வேண்டும் என்றும் பேசினார். ஒருமுறை ஓடியபின் பழைய நிகழ்ச்சிக்கு மதிப்பேது என்பது அன்றைய கணக்கு. சி.பி.எஸ். ஒத்துக்கொண்டது.

ஃபிலிம் என்று முடிவானதும் தொல்லை ஆரம்பித்தது. லூசில் ஆட்கள் எதிரே இருந்தால்தான் மலர்கிற நடிகை. சாதாரண சினிமா முறையில் ஒவ்வொரு கோணத்துக்கும் விளக்கை மாற்றி, ஒரே வசனத்தை ஐந்தாறு முறை சொல்ல வேண்டும். இரண்டாம் முறை எந்தக் கூட்டமும் சிரிக்காது. எனவே நாடகம்போல் ஒரே ஓட்டமாக நடிக்க வேண்டும், மூன்று கேமரா ஒரே நேரத்தில் ஓட வேண்டும்.

இதை டெசி கண்டுபிடித்தார் என்பது மிகை. தயாரிப்பாளர் ஜெர்ரி ஃபேர்பேங்ஸ் 1940-களின் இறுதியிலேயே பல கேமரா ஃபிலிம் முறையை வைத்திருந்தார். 1950-இல் ஒரு வினாடி வினா நிகழ்ச்சி பார்வையாளர் முன்னால் பல கேமராவில் படமாகியிருந்தது. அதில் வேலை செய்த ஆல் சைமனை டெசி கையோடு அழைத்துக்கொண்டார். முழுநீள நகைச்சுவை நாடகத்தை, நிரந்தர செட்டுகளோடு, 35 மி.மீ.-இல், 300 பேர் முன்னால் வாரந்தோறும் எடுக்கும் ஒழுங்கை உருவாக்கியதே டெசியின் குழுவின் சாதனை. ஒளிப்பதிவுக்கு அவர் பிடித்துவந்தது கார்ல் ஃப்ராய்ண்டை, ஜெர்மனியில் ‘மெட்ரோபோலிஸ்’ படத்தின் ஒளிப்பதிவாளர்களில் ஒருவர். அவ்வளவு பெரிய கலைஞரை ஒரு வீட்டுக்கூடத்தை வெளிச்சம் போடக் கூப்பிட்ட துணிச்சலை என்னவென்பது!

வேலை நடந்த விதம் இது. மூன்று மிட்செல் கேமராக்கள். நடுவில் உள்ளது அகலக் கோணம், முழுச் செட்டுக்கும். பக்கத்து இரண்டும் நீள லென்ஸ், முகங்களுக்கு. கேமராக்கள் டாலி என்ற சக்கர வண்டியில் நகரும், நிற்க வேண்டிய இடமெல்லாம் தரையில் குறியிடப்பட்டிருக்கும். ஒரு கேமரா ஓரடி தவறினால் இன்னொன்றின் சட்டகத்துக்குள் வந்துவிடும். அதனால் எமிலி டேனியல்ஸ் என்ற ஒருங்கிணைப்பாளர் இன்டர்காமில் நகர்வுகளைச் சொல்லிக்கொண்டே இருப்பார். தரையில் விளக்கோ கேபிளோ கூடாது, எல்லாம் மேலே தொங்கும். நிழலை மென்மையாக்க ஒவ்வொரு கேமராவின் முகப்பிலும் சின்ன விளக்கு. தொலைக்காட்சிக்குப் போகும்போது கறுப்பு வெள்ளை வேறுபாடு மேலும் கடுமையாகும் என்பதால் செட்டுகளுக்குச் சாம்பல் சாயைகளாகவே வண்ணம் பூசினார்கள். ஃப்ராய்ண்டின் பழைய படங்களின் இருளைத் தேடினால் இங்கே கிடைக்காது. எல்லாக் கோணத்துக்கும் ஒரே வெளிச்சம் என்றால் அது தட்டையாகத்தான் இருக்கும். அந்த விலையைத் தெரிந்தே கொடுத்தார்கள்.

35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 1,000 அடிச் சுருள் 11 நிமிடம். 25 நிமிட நாடகத்துக்கு மூன்று கேமராவும் நிற்காமல் ஓடினால் 6,750 அடி. சுருள் மாற்றவும் உடை மாற்றவும் ஆகும் இடைவெளியில் இசைக்குழு வாசிக்கும். படப்பிடிப்புக்கு முன் வந்தவர்களிடம் பேசிச் சிரிக்கவைத்துத் தயார் செய்ததும் டெசியேதான். எடிட்டர் டேன் கானின் மேசையில் மூன்று படத்தலையும் ஒரு ஒலித்தலையும் கொண்ட மூவியோலா என்ற எடிட்டிங் இயந்திரம் இருந்தது. ‘மூன்று தலை அரக்கன்’ என்று அதற்குப் பெயர். மூன்று கோணங்களையும் பக்கம்பக்கமாக ஓட்டிப் பார்த்து வெட்டுவார்கள்.

இந்த முறையில் நடிகருக்கு என்ன கஷ்டம்? சிரிப்பு அடங்கும்வரை வசனத்தைப் பிடித்துவைக்க வேண்டும். சீக்கிரம் பேசினால் சிரிப்பு வசனத்தை மூடிவிடும், தாமதித்தால் காட்சி செத்துவிடும். பின்னால் வெட்டிச் சரிசெய்யலாம் என்றாலும் மூன்று கோணத்துக்கும் பொதுவான ஒலித்தடத்தில் சிரிப்பொலி தொடர்ந்து ஓடுவதால் ஒட்டு தெரியும். டெசியின் தாளக்காரக் காது இங்கேதான் உதவியது. லூசில் எவ்வளவு தூரம் கிளைவிட்டுப் போனாலும் அவர் நின்ற இடத்தில் நின்று, சரியான அரை நொடியில் புருவத்தை உயர்த்துவார். கோபம் வந்தால் ஸ்பானியத்தில் பொரிவார். அவருடைய ஆங்கில உச்சரிப்பை லூசி கேலி செய்தால் கூட்டம் சிரித்தது, வேறு பாத்திரம் செய்தால் சிரிக்கவில்லை என்று கண்டு, எழுத்தாளர்கள் அந்த உரிமையை அவளுக்கு மட்டுமே வைத்தார்கள்.

தொலைக்காட்சிக்கான எம்மி விருது லூசிலுக்கும், தோழியாக நடித்த விவியன் வான்ஸுக்கும் கிடைத்தது. டெசியின் நடிப்புக்குப் பரிந்துரைகூட வந்ததில்லை. எதிரில் நிற்பவனின் வேலை கண்ணுக்குத் தெரியாதபடி இருந்தால்தான் நல்ல வேலை என்பதால் அதில் எனக்கு வியப்பில்லை, வருத்தம் உண்டு.

மறுஒளிபரப்பும் அவர் ‘கண்டுபிடித்தது’ இல்லை. 1952-இல் லூசில் கருவுற்றபோது எல்லாப் பகுதிகளையும் எடுக்க முடியாமல் பழையவற்றை மீண்டும் ஓட்ட வேண்டியிருந்தது. மக்கள் பார்த்தார்கள். நெகட்டிவ் தெளிவாகவும் தன் கையிலும் இருந்ததால் அது சொத்தாயிற்று. பின்னர் அந்த உரிமையை சி.பி.எஸ்.ஸுக்கே பல லட்சம் டாலருக்கு விற்றார். 1957-இல் சுமார் 60 லட்சம் டாலருக்கு ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ வளாகங்களை வாங்கினார். தான் ஒப்பந்த நடிகராக இருந்த அதே ஸ்டூடியோ.

அதற்குப் பிறகு வேகமாகச் சரிந்தது. குடி, வேலைச்சுமை, 1960-இல் விவாகரத்து. 1962-இல் தன் பங்கை லூசிலுக்கே விற்றுவிட்டு விலகினார். அவர் போனபின் டெசிலூவில் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’கை அவர் கணக்கில் எழுதுவோர் உண்டு, அது சரியில்லை. ‘தி அன்டச்சபிள்ஸ்’ அவர் காலத்தது. 1986 டிசம்பர் 2-இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்.

நடிகராக அவரை எடைபோட ஒரு பகுதி போதும். 1952 நவம்பர் 14-இல் எடுத்து, 1953 ஜனவரி 19-இல், லூசிலுக்கு நிஜமாகவே மகன் பிறந்த அன்று ஒளிபரப்பான பிரசவப் பகுதி. ஏறக்குறைய 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். டெசி நடித்த ரிக்கியும் நண்பர்களும் மருத்துவமனைக்குக் கிளம்புவதை நிதானமாக ஒத்திகை பார்ப்பார்கள், ஒருவர் போன், ஒருவர் பெட்டி என்று. பிறகு லூசி நேரம் வந்துவிட்டது என்றதும் அதே அசைவுகள் தலைகீழாகும். லூசில் பெரும்பாலும் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி அது, சிரிப்பு முழுதும் மற்ற மூவருடையது. முதல்முறை டெசியை மட்டும் பாருங்கள். இரண்டாம் முறை, அகலக் கோணத்திலிருந்து முகத்துக்கு எந்த இடத்தில் வெட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.