பழைய தங்க நகைக்குக் கடையில் எப்படி மதிப்புப் போடுகிறார்கள்? ஒரே நகைக்கு மூன்று கடையில் மூன்று தொகை சொல்வது ஏன்?

அம்மாவின் பழைய கல் அட்டிகையை தர்மபுரி கடைத்தெருவில் மூன்று கடைகளில் காட்டியதாகவும், மூன்றிலும் அன்றைய ரேட் ஒன்றாக இருந்தும் தொகை பல ஆயிரம் ரூபாய் மாறியதாகவும் கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். ரேட் ஒன்று, தொகை வேறு என்றால் மாறியது கல், அரக்கு போன்றவை போன நிகர எடையாக இருக்கும், அல்லது டச்சாக, அதாவது தங்கத்தின் தரமாக இருக்கும். பழைய நகைக்குப் போகிறவர்கள் எல்லோரும் "இன்னைக்கு பவுன் என்ன விலை?" என்றுதான் கேட்கிறார்கள். அதை பேப்பரிலேயே பார்த்துக்கொள்ளலாம். கடைக்காரரிடம் கேட்க வேண்டியது "எவ்வளவு எடை கழிக்கிறீர்கள், டச் எவ்வளவு போடுகிறீர்கள்?" என்பதுதான்.

முதலில் எடை. நகைக்கடைத் தராசு கிராமுக்குக் கீழே மூன்று தசமம் வரை காட்டும். மேலே மின்விசிறி ஓடினாலே கடைசி இலக்கம் ஆடும். நகையை வைக்கும் முன் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். நூல், முத்து, பவளம், சாயமணி எல்லாம் தனியாக எடுத்து வைக்கக் கூடியவை, அவற்றில் சிக்கல் இல்லை. சிக்கல் எல்லாம் கல்லிலும் அரக்கிலும்தான். பழைய அட்டிகையில் கல்லுக்குப் பின்னால் தகடு மூடியிருக்கும், உள்ளே அரக்கு இருக்கும். தாலிக்குண்டு, உருண்டை மணி வகைகளும் உள்ளே அரக்குதான். வெளியிலிருந்து பார்த்து அது எவ்வளவு என்று யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. அதனால் கடைக்காரர் தனக்கு நஷ்டம் வராத அளவுக்குக் கூடுதலாகவே கழிப்பார். ஒரு கிராம் கூடுதலாகக் கழித்தால் போகும் பணம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கல்லை எடுத்து, அரக்கைச் சூடு காட்டி இறக்கி நிறுத்தால்தான் உண்மையான எடை. ஆனால் கல் எடுத்தபின் அது நகை இல்லை, உடைசல். விற்பது உறுதியானால் மட்டும் அதற்குச் சம்மதியுங்கள்.

அடுத்தது தரம். நூறு பங்கில் எத்தனை பங்கு தங்கம் என்பதைத்தான் டச் என்கிறார்கள். 22 காரட் என்றால் 91.6 டச், அதுதான் 916. 20 காரட் 83.3, 18 காரட் 75.

உரைகல்லில் பார்ப்பவர் நகையின் மேல்புறத்தில் உரசக் கூடாது. பாலீஷ் போடும்போதே மேல்தோலில் தங்கம் கூடிவிடும், முலாமும் இருக்கலாம். பின்பக்கத்திலோ கொக்கியிலோ அரத்தால் லேசாக ஒரு இழு இழுத்து, உள் உலோகம் தெரிந்தபின் கல்லில் அழுத்தித் தேய்ப்பார்கள். பக்கத்திலேயே தரம் தெரிந்த மாதிரியால் இன்னொரு கோடு. இரண்டின் குறுக்கே திராவகம் தொட்டு வைத்தால் பித்தளைக் கோடு நுரைத்து மறைந்துவிடும், தரம் குறைந்த தங்கம் மங்கும், 22 காரட் அப்படியே நிற்கும். பழகிய கண் ஒன்றிரண்டு டச் வித்தியாசம் வரைக்கும் சொல்லும். அதற்குமேல் நுணுக்கம் கல்லில் கிடையாது.

காரட் மீட்டர் எக்ஸ்ரே அடித்து அரை நிமிடத்தில் தங்கம், வெள்ளி, செம்பு என்று சதவீதம் காட்டும். பிரிண்ட் வந்துவிட்டால் அதுவே வேதவாக்கு என்று நினைக்கிறோம். ஆனால் அது படிப்பது மேலே உள்ள சில மைக்ரான் கனத்தை மட்டும். கனமான முலாம் அதையும் ஏமாற்றும். பற்றவைத்த இடத்தில் கதிர் விழுந்தால் நல்ல நகைக்கே குறைவாகக் காட்டும். குறைந்தது மூன்று இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பற்றவைப்பு என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். தகடு 22 காரட்டாகவே இருந்தாலும், அந்தக் காலத்தில் பற்றவைக்கப் போட்ட பொடியில் செம்பும் வெள்ளியும் அதிகம். உருக்கினால் எல்லாம் ஒன்றாகக் கலந்து டச் இறங்கும். ஜிமிக்கி, கல் தோடு, அட்டிகை போல இணைப்பு அதிகமுள்ள நகையில் இறக்கம் அதிகம், வளையலில் குறைவு. "வாங்கும்போது 22 காரட்னுதானே சொன்னாங்க" என்ற மனக்குறைக்குப் பாதிக் காரணம் இதுதான். கேடிஎம் என்று முத்திரை இருந்தால் காட்மியம் கலந்த பொடியால் பற்றவைத்தது என்று மட்டுமே பொருள், 916 என்று பொருள் இல்லை.

கல் நகைக்கு உருக்கிப் பார்ப்பதே இரு தரப்புக்கும் நியாயம். மூசையில் (உருக்கும் கிண்ணம்) வெண்காரம் போட்டு உங்கள் கண் முன்னால் உருக்க வேண்டும். கட்டியை ஊற்றியபின் மூசையின் ஓரத்தில் தங்கத் துளி ஏதும் மணியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். சரியாகக் கலக்காத கட்டியில் மேலும் கீழும் டச் மாறும். இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

இப்போது கணக்கு. சுலபமாக இருக்கட்டும் என்று 22 காரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அட்டிகை மொத்தம் 32.400 கிராம். எடுத்து நிறுத்ததில் கல் 4.150, அரக்கு 1.250. மிச்சம் 27.000. உருக்கியபின் அழுக்கு போய் 26.730. டச் 87.5. சுத்தத் தங்கம் 26.730 × 0.875 = 23.389 கிராம். அதை 0.916 ஆல் வகுத்தால் 22 காரட் கணக்கில் 25.53 கிராம், அதாவது சுமார் 2,55,300 ரூபாய். இன்னொரு கடையில் "கல்லுக்கும் அரக்குக்கும் ஆறு கிராம், பழசுக்கு பத்து பர்சென்ட்" என்கிறார்கள். 26.4 இல் பத்து சதவீதம் போக 23.76 கிராம், 2,37,600 ரூபாய். ரேட் அதேதான், வித்தியாசம் 17,700 ரூபாய். டச் சொல்லாமல் சதவீதம் சொல்லும் கடையில் எனக்கு நம்பிக்கை இல்லை. உருக்கியபின்னும் தனியாக ஒரு கழிவு சொன்னால், அது எதற்கு என்று கேளுங்கள்.

வாங்கியபோது கொடுத்த செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எதுவும் திரும்பாது. 16 கிராம் செயினுக்கு 12 சதவீதம் சேதாரம் என்றால் 1.92 கிராம் தங்கத்தின் விலை அன்றே போய்விட்டது. ஓசூர்க்காரர்கள் பெங்களூரில் வாங்கினாலும் இதே கதைதான். பழைய நகைக்கு நல்ல விலை போட்டு, புது நகையின் சேதாரத்தில் அதை எடுத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. மாற்றும்போது இரண்டு கணக்கையும் தனித்தனியே எழுதி வாங்குங்கள்.

ஆறு எழுத்து-எண் கொண்ட எச்யூஐடி (ஒவ்வொரு நகைக்கும் தனியாகப் பொறிக்கும் ஹால்மார்க் அடையாள எண்) உள்ள நகை என்றால் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்-இன் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அதைப் போட்டு, வரும் தரமும் நகை வகையும் கையில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். 2023 ஏப்ரல் 1 முதல் கடைகள் விற்கும் நகைக்குத்தான் அது கட்டாயம். உங்கள் பழைய நகையில் முத்திரையே இல்லாவிட்டாலும் விற்கத் தடை இல்லை. கடைக்காரர் சொல்லும் டச்சில் சந்தேகம் இருந்தால் பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் நீங்களே கொடுத்துப் பார்க்கலாம். நான்கு நகை வரை மொத்தமே 200 ரூபாய்தான் கட்டணம். அந்த அறிக்கையோடு கடைக்குப் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

பில் இருந்தால் கூடவே கொண்டு போங்கள், கல் எடை அதில் தனியாக எழுதியிருந்தால் பாதி வாக்குவாதம் குறையும். வருமான வரி விதியால் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரக் கடைகள் தயங்கும், வங்கிக் கணக்கு விவரமும் அடையாள அட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.